புளுகேஸ்வரன் சார் இருக்காருங்களா?

மே 6, செவ்வாய்

பெருந்துறை வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில், எங்கள் வீட்டு ஸ்கூட்டரின் இன்சூரன்ஸ் இம்மாதம் பதினேழாம் தேதி இயற்கை எய்த இருக்கிறது. அன்னாருக்கு வயது ஒன்று. அன்னாரின் பிரிவால் வாடப்போகிறவர்கள்: மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் என் அப்பா சென்னியப்பன், அம்மா ருக்மணி, கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் அக்கா அகல்யா, மற்றும் பிளஸ் ஒன் முடித்து லீவில் இருக்கும் நவநீதனாகிய நான்.

"வருசா வருசம் ஏஜெண்டு சொல்றதைக் குடுத்துட்டு இருக்கறேன். நீதான் எந்நேரமும் போனை நோண்டிட்டு இருக்கறயே கண்ணு, நெட்டுல எவ்வளவு ஆகும்னு பாரு" என்றார் அப்பா. நாட்டின் நிதித்துறை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

பார்த்தேன். 'பத்தே நொடியில் விலை' என்று ஒரு தளம். அதில் நாலு பேர் கொண்ட குடும்பம், நாலு பேருக்கும் சேர்த்து நூற்றிருபது பல், எல்லாமே வெள்ளை. பக்கத்தில் ஒரு பூட்டுப் படம்: 'உங்கள் தகவல் எங்களிடம் பத்திரம்.' பத்து நொடி ஆனது. விலை வரவில்லை. என் பெயர் வேண்டுமாம். பிறந்த தேதி, தொழில், வருமானம், வியாதி, பீடி சிகரெட், எல்லாம் வேண்டுமாம். ஸ்கூட்டர் பீடி குடிக்காது என்று சொல்லப் பெட்டி இல்லை.

இந்த மாதிரி வலையில் விழ நான் என்ன வாளைமீனா? நிரப்பினேன். பெயர்: புளுகேஸ்வரன். வயது: 58. தொழில்: யானை வைத்தியர். புகைப்பழக்கம்: விழித்திருக்கும்போது மட்டும். எல்லாம் சுத்தப் பொய். போன் நம்பர் மட்டும் அப்பாவுடையது, ஏனென்றால் ஓ.டி.பி. வந்தால்தான் கதவு திறக்கும், என்னிடம் இருப்பதோ அம்மாவின் பழைய போன், சிம் இல்லாத கட்டை. எந்த ஆராய்ச்சிக்கும் ஓர் எலி தேவை. கீழே முகவரிக்கும் ஒரு பெட்டி இருந்தது. ஏதோ போட்டேன். அது முக்கியமில்லை.

பக்கத்தின் உச்சியில் 'இன்றே விலை கேட்போருக்கு புளூடூத் ஸ்பீக்கர் இலவசம்' என்று ஒரு பட்டை மினுக்கிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் நம்பும் ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்களே என்று நினைத்துச் சிரித்தேன்.

ஆராய்ச்சி முழுமை பெற வேண்டுமே என்று மேலும் ஆறு தளங்களில் நிரப்பினேன். மொத்தம் ஏழு. விலை எதிலும் வரவில்லை. 'எங்கள் நிபுணர் உங்களை அழைப்பார்' என்று மட்டும் வந்தது.

மே 7, புதன்

நிபுணர்கள் அழைத்தார்கள். காலை காப்பிக்கு முன்னால் நாலு பேர். காப்பீடு என்றால் காப்பியைக் கெடுக்கும் ஈடு என்று அகராதியைத் திருத்தலாம்.

"புளுகேஸ்வரன் சார் இருக்காருங்களா?"

"அப்படி யாரும் இல்லீங்க."

"சார்தான் யானை டாக்டருங்களா?"

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன்டா, புளுகேஸ்வரன்னு எங்கயாச்சும் பேரு உண்டாடா?"

"வடக்க இருக்கும்ங்கப்பா."

மே 8, வியாழன்

பதினேழு அழைப்பு. கூரியர் வண்டி எதிர்வீட்டோடு திரும்பிப் போய்விட்டது.

மே 10, சனி

அப்பாவால் தெரியாத நம்பரை எடுக்காமல் இருக்க முடியாது. பட்டறைக்கு வரும் ஆட்கள் எல்லாருமே தெரியாத நம்பர்தான். கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் அந்த விவசாயி, அடுத்த தோட்டத்துக்காரரிடம் நம்பர் வாங்கித்தான் கூப்பிடுவார். அதனால் எடுக்கிறார். எடுத்தால் யானை வைத்தியம்.

இன்று ஒருத்தி தேன் தடவிய குரலில் கேட்டாள்: "சார், உங்க மகளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா? மகள் திருமணச் சேமிப்புத் திட்டம்னு புதுசா ஒண்ணு வந்திருக்குதுங்க." அப்பா, வரன் பார்த்துக்கொண்டிருப்பதாக வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அரை மணிக்கொரு முறை மகள் திருமணம். சீர் செய்யாத குறைதான்.

"அதுல ஒருத்தன் நம்ம வீதிப் பேரைச் சொல்றான்டா! நீலக் கேட்டு வீடுதானுங்களேன்னு கேக்கறான். எப்படிடா தெரியும்?" என்றார் அப்பா.

விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது. நானும் அங்கிருந்து போய்விட்டேன்.

கடைசியில், நம்பரை வெளியே விட்டது ரீசார்ஜ் கடை வேலுச்சாமிதான் என்று அப்பாவே முடிவு செய்து, அவரிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். மௌனம் தங்கம் என்பார்கள். தங்கம் விற்கும் விலையில் நான் இன்று பெரும் பணக்காரன்.

மே 11, ஞாயிறு

அக்கா தினமும் சாயங்காலம் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்கிறாள்.

"அப்பாவுக்குப் போன் ஏதாச்சும் வந்துச்சாடா?"

"இருபத்தி மூணு வந்துச்சு."

"வெளையாடாதே. பெரியவங்க யாராச்சும் பேசுனாங்களா? மரியாதைப்பட்டவங்க?"

"எல்லாருமே சார் சார்னு மரியாதையாத்தான் பேசறாங்க."

வேறு வேலைக்கு ஏதோ மனுப் போட்டிருப்பாள் போல.

மே 12, திங்கள்

இன்று முதல் நான் மேதை.

பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து, பின்பக்கத்தில் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, பட்டறையில் அப்பாவின் மேசைக்கு மேலே ஆணியில் மாட்டினேன்.

"இன்சூரன்ஸ்காரங்களைத் திட்டுனா மறுபடி வருவாங்கப்பா. அவங்களே பயந்து ஓடணும். கேக்கறதுக்கெல்லாம் இதைப் பாத்துச் சொல்லுங்க. இப்படி ஒரு ஆளுக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி தராது."

அட்டையில் உள்ளது: உடம்பு, மூணு ஹார்ட் அட்டாக். வீடு, ரெண்டு தடவை தீப்பிடிச்சு ஏலத்துல போச்சு. வண்டி, கெணத்துல கெடக்குது. சம்சாரம், கோவிச்சுட்டுப் போயி ஏழு வருசம். மகன், ஜெயில். மகள், ரெண்டு தடவை ஓடிப்போயிட்டா, அதனால கல்யாணச் செலவே கெடையாது.

அப்பா படித்துவிட்டு, "கடைசி வரி வேண்டான்டா" என்றார்.

"அதுதாங்கப்பா பிரம்மாஸ்திரம். மகள் திருமணச் சேமிப்பு வேற எதுக்கும் மசியாது."

மே 13, செவ்வாய்

முதல் வெற்றி. கிணற்றில் கிடக்கும் வண்டியைக் கேட்டதுமே ஒருவன் தானாகக் கட் செய்தான். அப்பா சிரித்தார். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. சாயங்காலம் எனக்குப் பரோட்டா.

மே 14, புதன்

அக்காவுக்கு ஒரு கோழிப்பண்ணை மாப்பிள்ளை வந்திருக்கிறார். நாமக்கல். வருகிற திங்கட்கிழமை வாக்குக் கொடுக்க வேண்டுமாம். "ஆடிக்கு முன்ன முடிச்சாத்தான் உண்டு. வேற நல்ல எடம் எதுவும் தானா வரக் காணோம்" என்று அம்மா பெருமூச்சு விட்டார்.

அலமாரியில் அக்காவின் கல்யாணக் குறிப்புத் தாள் நாற்பது நகல் இருந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பெயர், பிறந்த நாள், பிறந்த நேரம் நிமிஷக் கணக்கில், நிறம், உயரம், சம்பளம், சொந்த வீடா, தகப்பனார் தொழில், கூடப்பிறந்தவர் எத்தனை, கீழே அப்பாவின் போன் நம்பர். என் ஏழு தளங்கள் கேட்டதைவிட அதிகம். இதை எட்டு ஊர்த் தரகர்களிடம் அப்பாவே கையில் கொடுத்திருக்கிறார். பூட்டுப் படம்கூட இல்லை.

மே 15, வியாழன்

பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய நாள். சீடன் குருவை மிஞ்சினான்.

அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அவர் கையெல்லாம் வார்னிஷ். போன் அடித்தது. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"சென்னியப்பனுங்களா?"

அப்பா என்னைப் பார்த்து, "நெசப் பேரே தெரிஞ்சு போச்சுடா" என்று உதட்டை மட்டும் அசைத்தார். பிறகு, "ஆமாங்க, சொல்லுங்க" என்றார்.

"நானுங்க, சங்ககிரியில இருந்து அர்த்தநாரி பேசறனுங்க. உங்க பொண்ணு கல்யாண விசயமா..."

அப்பாவின் முகம் மலர்ந்தது. நகர்ந்து, அட்டைக்கு நேராக நின்றுகொண்டார்.

"உங்க விவரமெல்லாம் எங்ககிட்ட வந்துச்சுங்க."

"வந்திருக்கும், வந்திருக்கும். ஊருக்கே வந்திருக்குது."

"சொந்த வீடுன்னு போட்டிருந்துதுங்க..."

"ரெண்டு தடவை தீப்பிடிச்சுதுங்க. மூணாந் தடவை ஏலத்துல போயிருச்சு."

"அடடா. உங்களுக்கு உடம்பெல்லாம் சௌரியமுங்களா?"

"மூணு அட்டாக் வந்திருக்குதுங்க. நாலாவது அடுத்த வாரம்." அந்த நாலாவது அட்டையில் இல்லை. அவரது சொந்தச் சரக்கு.

"பையன் ஒருத்தர் இருக்கறதா..."

"சம்சாரம் கோவிச்சுட்டுப் போயி ஏழு வருசமுங்க. பையன் ஜெயில்ல இருக்கறானுங்க." நான் கும்பிட்டேன்.

"பொண்ணு?"

"ரெண்டு தடவை ஓடிப்போயிட்டாளுங்க. இனி அவளுக்குக் கல்யாணச் செலவே கெடையாது."

பிறகு அந்தக் குரல், "ஏனுங்க, பெத்தவன் பேசற பேச்சுங்களா இது?" என்றது.

"கேட்டா வயசானவராட்ட இருக்குது. இந்த வயசுல எதுக்குங்க உங்களுக்கு இந்தப் பொழப்பு? வேற நல்ல தொழிலாப் பாருங்க" என்று சொல்லி, அப்பா முழங்கையால் வைத்தார்.

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் சோறு ஆறிப்போனது.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டதும் பெருமையாகச் சொன்னேன்: "சங்ககிரியில இருந்து ஒரு பெரியவரு பேசுனாரு. அப்பா பிரிச்சு மேஞ்சுட்டாரு!" வரி வரியாக நடித்தும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. லைன் கட்டாகிவிட்டது. கோயமுத்தூரில் சிக்னல் சரியில்லை போல.

மே 16, வெள்ளி

அக்கா நாளைக்கு வருகிறாளாம். திடீர் லீவாம். எனக்கு ஏதாவது வாங்கி வருவாள்.

மே 17, சனி

எதுவும் வாங்கி வரவில்லை.

என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அழத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

லேபில் அவளோடு திலீபன் என்று ஒருவர் வேலை செய்கிறார். இரண்டு வருடமாகப் பழக்கம். அவருக்கு அப்பா இல்லை. வளர்த்தது பெரியப்பா. அவர் சொன்னால்தான் எதுவும். அதனால் இருவரும் யோசித்து, இரண்டு வீட்டிலும் சண்டை வராமல், ஒரு தரகர் மூலமாகவே குறிப்புத் தாளைப் பெரியப்பாவிடம் சேர்த்து, அவராகவே பிடித்துப்போய், அவராகவே எங்கள் அப்பாவைக் கூப்பிடும்படி ஆறு மாதமாகக் காய் நகர்த்தியிருக்கிறார்கள்.

பெரியப்பா பெயர் அர்த்தநாரி. ஊர் சங்ககிரி.

"பெத்த புள்ளையப் பத்தி அப்பனே இப்படிப் பேசற வீட்டுல சம்பந்தமா, பேச்சே எடுக்காதேன்னுட்டாராம்டா. திலீபன் என்ன சொன்னாலும் நம்பமாட்டேங்கறாராம். திங்கக்கெழமை அப்பா நாமக்கல்லுக்கு வாக்குக் குடுத்துருவாரு."

"அக்கா, அது வந்து..."

"பட்டறையில தொங்கற அட்டையப் பாத்துட்டுத்தான் வர்றேன். அந்தக் கோழிக் கிறுக்கல் உன்றதுதானே? புளுகேஸ்வரனும் நீதானே? அப்பாவுக்கு அந்த அளவுக்குக் கற்பனை கெடையாது. நாளைக்குள்ள நீயே அவருகிட்டச் சொல்லு. திலீபன் விசயத்தை நான் சொல்லிக்கறேன். உன்ற விசயத்தை நீ சொல்லு."

நகைச்சுவை எதுவும் தோன்றவில்லை. கைவசம் இருந்ததும் தீர்ந்துவிட்டது.

(பி.கு: ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் இன்று காலமானது. யாரும் கவனிக்கவில்லை.)

மே 18, ஞாயிறு

சொன்னேன். அப்பா ஒரு மோட்டாருக்குள்ளே செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். புளுகேஸ்வரன் நான்தான் என்றபோது சுற்றிக்கொண்டேதான் இருந்தார். சங்ககிரி யார் என்று சொன்னபோது நிறுத்தினார். அக்கா பக்கத்தில் வந்து நின்று மீதியைச் சொன்னாள்.

என்னை அடிப்பார் என்று தயாராக நின்றேன். அவர் அடிக்கவில்லை. ஆணியிலிருந்து அட்டையை எடுத்துக் கடைசி வரியை மறுபடி படித்தார்.

"எழுதுனது அவன். படிச்சது நானு. என்ற வாயாலயே என்ற புள்ளைய ஓடிப்போனவள்னு சொல்லிப்போட்டனே" என்றார். அக்கா, "பரவாயில்லீங்கப்பா" என்றாள். அதைக் கேட்பதற்கு அடியே வாங்கியிருக்கலாம்.

நாமக்கல்லுக்கு ஒரு வாரம் தவணை சொல்லியாயிற்று. பிறகு அப்பா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "வேலுச்சாமி கடைக்கு நடடா. மன்னிப்பு நீ கேக்கறே. நானும் கேக்கறேன்." கேட்டோம்.

மே 20, செவ்வாய்

சங்ககிரிக்கு அப்பா ஒன்பது முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. அம்மா போனிலிருந்து கூப்பிட்டதும் எடுத்தார். "ஐயா, நாங்க பெருந்துறையில இருந்து, பொண்ணு விசயமா..." என்று அம்மா தொடங்கினார். "எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க" என்று வைத்துவிட்டார்.

மே 22, வியாழன்

இன்று வந்தது ஆறே ஆறு அழைப்பு. அப்பா ஒவ்வொன்றையும், "உங்களுக்கு என்னங்க வேணும்? யாருங்க? எந்த ஊருங்க?" என்று பணிவாகக் கேட்டுப் பேசினார். மகள் திருமணச் சேமிப்புத் திட்டத்திடம் எட்டு நிமிடம் பேசினார். பார்க்கச் சகிக்கவில்லை.

மே 25, ஞாயிறு

நேரில் போனோம். அப்பா, அம்மா, நான். பஸ்ஸில். சங்ககிரியில் இறங்கி விசாரித்தால், அந்த வீடு மாடியில்.

அர்த்தநாரி பெரியப்பா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை மீசை. அப்பா பெயரைச் சொன்னதும் ஊஞ்சல் நின்றது.

"மூணு அட்டாக் வந்தவரு இத்தனை படி ஏறலாமுங்களா?" என்றார். அம்மாவைப் பார்த்து, "கோவிச்சுட்டுப் போன அம்மணி எப்பத் திரும்பி வந்தாங்க?" என்றார். கடைசியாக என்னை. "தம்பியை எப்ப ரிலீஸ் பண்ணுனாங்க?"

முகத்தில் சிரிப்பே இல்லை. அப்பா வாயைத் திறக்கும் முன் நான் முன்னால் போய் நின்றேன். ஏழு தளம், புளுகேஸ்வரன், யானை, மகள் திருமணச் சேமிப்பு, அட்டை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அன்று போனில் கேட்டதையெல்லாம் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இதுல நாலாவது அட்டாக் இல்லையே?"

"அது மட்டும் நான் சேத்துனதுங்க" என்றார் அப்பா தலையைக் குனிந்துகொண்டு.

அப்போது மேசைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், எங்கள் மூன்று பேருக்கும் மனப்பாடமான தேன் குரல், "சார், உங்க மகளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?" என்றது. பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மகள் ரெண்டு தடவை ஓடிப்போயிட்டாளுங்க" என்று படித்தார். டக்கென்று கட்டானது.

"எனக்கு மகளே கெடையாதுங்க" என்று எங்களிடம் சொன்னார். பிறகுதான் அந்த மீசை ஆடியது. உள்ளே இருந்து காப்பி வந்தது.

"எங்க பையன் மொதல்லயே சொன்னானுங்க, அந்தப் புள்ள அப்படி இல்லைன்னு. நாந்தான், அப்பனே சொன்னதுக்கு மேல என்னன்னுட்டேன். ஒரு போனை நம்பி முடிவு பண்ணுனது என்ற தப்பு. வர்ற முகூர்த்தத்துல பொண்ணு பாக்க வர்றோம். அட்டை இங்கயே இருக்கட்டும்."

கிளம்பும்போது என் தோளில் கை வைத்தார். "ஒண்ணு மட்டும் புரியல தம்பி. அத்தனையும் பொய்யாப் போட்டே. நம்பரை மட்டும் எதுக்கு நெசமாப் போட்டே?"

"ஓ.டி.பி. வரணும்ங்கய்யா."

"சரி. வீதிப் பேரும், நீலக் கேட்டுமா ஓ.டி.பி. கேட்டுச்சு? உங்கப்பா இப்பத்தான் சொன்னாரு."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கய்யா" என்றேன்.

மே 27, செவ்வாய்

அப்பா இன்று பழைய ஏஜெண்டையே கூப்பிட்டு ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் போட்டுவிட்டார். அக்கா போனில், "அந்த நீலக் கேட்டு சமாச்சாரம் என்னடா?" என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். ஆனால் நாட்குறிப்பிடம் சிக்னலைக் குறை சொல்ல முடியாது.

ஆராய்ச்சி எதுவும் இல்லை. அந்த ஸ்பீக்கரை நான் நம்பினேன்.

கதவு எண், வீதி, பிள்ளையார் கோயில் எதிரில், நீலக் கேட், பின்கோடு, எல்லாமே சரியாகப் போட்டேன். 'பார்சல் எந்த நேரத்தில் வரலாம்?' என்ற பெட்டியில், அப்பா பட்டறையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போட்டேன். நிறம் கேட்டார்கள். நீலம் என்றேன், கேட்டுக்குப் பொருத்தமாக. ஏழு தளம் நிரப்பியது ஏன் என்றால், அதே பட்டை மினுக்கிய தளத்துக்கு ஒன்று வீதம் ஏழு வரும் என்று கணக்குப் போட்டதால். ஒன்று அக்காவுக்கு என்று வைத்திருந்தேன். மொத்த உலகத்தையும் புளுகேஸ்வரனாக இருந்து ஏமாற்றிய நான், ஒரு மினுக்குப் பட்டையிடம் மட்டும் அரிச்சந்திரனாக இருந்திருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

தண்ணிக் கேன்காரர்.